ஆறாம் அதிகாரத்தின் பின்பாதி

எங்கள் எஸ்டேட் ஜெபவீட்டில் ஞாயிறு ஆராதனை முடியப்போகும் நேரத்தில் உபதேசியார் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். மகளுக்குக் காய்ச்சல் விட்டதற்காக நாலணா. அட்டை கடித்த புண் ஆறினதற்காக இரண்டணா. ஊரிலிருந்து கடிதாசி வந்ததற்காக நாலணா. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, இந்த வாரம் ஒருநாளும் விடாமல் வேலை கிடைத்ததற்காக எட்டணா. ஒவ்வொரு சீட்டுக்கும் சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை ராத்திரியே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். அப்படிப் பல வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லயத்து வரிசையில் யாருக்கு என்ன கவலை, எந்தக் கவலை தீர்ந்தது என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும்.

இது அறுபதுகளின் கடைசி, எழுபதுகளின் தொடக்கம். இடம் மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்.

இப்போது நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய் அவர்கள் சபையில் உட்காருவேன். அங்கேயும் சீட்டு வாசிக்கிறார்கள். மகனுக்குக் கனடாவில் பி.ஆர். கிடைத்ததற்காக ஐயாயிரம். இரண்டாவது ஃபிளாட் ரிஜிஸ்டர் ஆனதற்காக பத்தாயிரம். புதுக் கார் எடுத்ததற்காக மூவாயிரம். வாசிக்கப்படுகிற பெயர்களில் பாதி எனக்குத் தெரிந்த லயத்துப் பெயர்கள். அவர்களுடைய ஆத்தாக்கள் கொழுந்துக் கறை படிந்த விரலோடு எங்கள் ஜெபவீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நானும் அந்த வரிசையில் இருந்து வந்தவள்தான்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. வேலை கிடைத்த வாரத்துக்காகவும், வயிறு நிறைந்த ராத்திரிக்காகவும் ஒரு சீட்டுகூட இப்போது வருவதில்லை. அதைவிடப் பெரியது இன்னொன்று. அன்றைக்கு எங்கள் நன்றியின் முடிவில் இன்னொருவர் சாப்பிடுவார். இன்றைக்கு நன்றி சொன்னதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

எங்கள் அம்மா உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பார். அடுப்புக்கு மேலே, புகை பிடித்துக் கறுத்த பலகையில் ஒரு டால்டா டப்பா. பிடி அதற்குள் போகும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அடுப்பு எல்லாம். அளந்து போடுகிற அரிசி எங்கள் ஆறு பேருக்கும் காணாது என்பது தெரிந்தே எடுப்பார். பசியோடு பார்த்துக்கொண்டு நின்ற நான் ஒருநாள், "நமக்கே இல்லியே, எதுக்கும்மா எடுக்கீங்க?" என்று கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லன்னா எப்பிடிட்டி எடுக்க முடியும்? இருக்கப்போயித்தான எடுக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தந்த வீட்டு டப்பா ஜெபவீட்டுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டுவார்கள். ஐ.ஆர்.எட்டு, பச்சரிசி, புழுங்கல் எல்லாம் கலந்து கிடக்கும். உபதேசியார் வீட்டுக்குக் கொஞ்சம் போகும். மீதி, புருஷனை இழந்த பெண் ஒருத்திக்கோ, பாறை உருண்டு கால் போன ஒருவருக்கோ போகும். அறுப்பின் பண்டிகை வந்தால் பூசணிக்காய், கோழி, முட்டையோடு அரிசியையும் ஏலம் விட்டு, பணத்தை மிஷனுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பார்த்தே இராத ஊர்களில் யாரோ பசியாற, யாரோ எழுத்துப் படிக்க, எங்கள் லயத்து அரிசி போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பழக்கம் எங்கள் தோட்டத்தில் முளைத்தது அல்ல. திருநெல்வேலிச் சீமைச் சபைகளிலிருந்து எங்கள் தாத்தா பாட்டிகளோடு கூடவே மலையேறி வந்தது. மலையாளக் கத்தோலிக்கரிடம் இதற்கு 'பிடியரி' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அச்சன் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் என்று உத்தரவிட்டபோது, ஏழைப் பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கு அரிசி வந்தது வீட்டு வீட்டுப் பிடியரியிலிருந்துதான். 2014-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். வடகிழக்கே மிசோரத்திலும் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். அந்த அரிசியில் ஊழியர்களையே தாங்குகிறார்கள். மூன்று இடத்திலும் இதைத் தொடங்கியவர்கள் பணக்காரர்கள் அல்ல.

எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-இல் கம்பெனி உருவானது. காட்டை வெட்டவும் தேயிலை நடவும் ஆள் வேண்டும். கங்காணிமார் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். போடிநாயக்கனூர், குரங்கணி வழியாக நடந்து ஏறி வந்தார்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். சொந்த ஊரில் நிலம் இல்லாதவர்கள், பஞ்சத்தை நேரில் பார்த்தவர்கள். மலைக்காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களைத் தேயிலைச் சரிவிலேயே புதைத்தார்கள்.

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்குப் போனவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் கல்லறை மேடு தெரியும். கம்பெனியின் முதல் ஜெனரல் மேனேஜர் ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலெனார் 1894-இல் காலராவில் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் கட்டத் தொடங்கியது 1910-இல்தான். கல்லறை முதலில், கோயில் பிறகு. சுவரில் துரைமார்களின் நினைவுக்குப் பித்தளைப் பட்டயங்கள் பதித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை நினைத்து நான் அந்த மேட்டில் நின்று ஜெபித்ததுண்டு, ஏனென்றால் காலராவுக்குத் துரைசாணி என்றும் கூலிக்காரி என்றும் தெரியாது. ஆனால் அதே நோயில் போன எங்கள் பாட்டியின் முதல் இரண்டு குழந்தைகளைப் புதைத்த இடம் எதுவென்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதன் மேல் தேயிலை நிற்கிறது.

அந்த லயத்து ஜெபவீடுகளில் அதிகமாகப் பிரசங்கிக்கப்பட்டது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம். உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று திருப்தியாயிருக்கச் சொல்லுகிற பகுதி. எங்கள் அம்மாவுக்கு அது மனப்பாடம். அந்த வசனத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வார்த்தைதான் எங்களைக் கந்துவட்டிக்காரனிடமிருந்தும் சாராயக் கடையிலிருந்தும் காத்தது. மழையில் நனைந்து வந்து, பதினைந்து கிலோ கொழுந்து குறைந்தது என்று பேச்சு வாங்கிக்கொண்டு, கறுப்புக் காப்பியில் வெல்லத்தைக் கடித்துக் குடித்துவிட்டு, முழங்கால் போட்டு நன்றி சொல்ல ஒரு பெண்ணால் முடிந்தது என்றால், அது ஏமாளித்தனம் அல்ல. யாரும் பிடுங்க முடியாத ஒரு சொத்து அவளிடம் இருந்தது.

ஆனால் அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. கொஞ்சம் கீழே போனால் இந்த உலகத்தில் ஐசுவரியமுள்ளவர்களுக்கு என்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறது. நிலையில்லாத பணத்தை நம்பாதீர்கள், தாராளமாய்க் கொடுங்கள், உள்ளதைப் பகிருங்கள் என்பது அதன் சாரம். முன்பாதி லயத்தில் வாசிக்கப்பட்டது. பின்பாதியை வாசிக்கவேண்டிய இடம் டவுன். லயத்தில் நாங்கள் முன்பாதியை வாரந்தோறும் கேட்டோம். டவுனுக்கு வந்த பிறகு பின்பாதியை நான் எத்தனை அபூர்வமாகக் கேட்கிறேன்! முன்பாதியையே இங்கேயும் வாசித்து, இருக்கிற வீட்டுக்கும் காருக்கும் திருப்தியோடு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறார்கள்.

பவுல் திருப்தியைப் பற்றி எழுதின இன்னொரு இடமும் இதைத்தான் காட்டுகிறது. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அவர் பிலிப்பியருக்குச் சொல்லும்போது காவலில் இருக்கிறார். அந்தப் பகுதி முழுவதும், எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபை கொடுத்தனுப்பிய பணத்துக்கு அவர் எழுதின நன்றிக் கடிதம். தன் தட்டைப் பார்த்துப் "போதும்" என்றார். எதிரே பட்டினி கிடப்பவன் தட்டைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. எருசலேம் ஏழைகளுக்காக ஊர் ஊராகக் காணிக்கை சேர்த்தவர் அவர். தரித்திரத்திலிருந்த மக்கெதோனியா சபைகள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்ததைக் கொரிந்துவில் வசதியாக இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். எங்கள் அம்மாவின் டால்டா டப்பா மக்கெதோனியாக் கணக்கில் வரும்.

சபையில் இப்போது அடிக்கடி ஒரு நன்றி கேட்கிறேன். ஆப்பிரிக்காவில் எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைகளின் படத்தைத் திரையில் போட்டு, "இவர்களைப் பாருங்கள், நம்மை ஆண்டவர் எவ்வளவு மேன்மையாக வைத்திருக்கிறார்" என்பார்கள். சபை கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லும். கண்ணீர் உண்மையானது, அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் தேவாலயத்தில் நின்ற பரிசேயன் செய்ததும் ஒரு ஸ்தோத்திர ஜெபம்தான். மற்றவர்களைப் போல நான் இல்லை என்பதற்காக அவன் நன்றி சொன்னான். அவன் நீதிமானாக வீட்டுக்குப் போகவில்லை என்று இயேசு சொன்னார். அடுத்தவன் பசியை அளவுகோலாக வைத்து நம் பாக்கியத்தை அளப்பது நன்றி ஆகாது.

பட்டினியைத் திரையில் தேட வேண்டிய அவசியமும் இல்லை. உலக வங்கி 2025-இல் கொடிய வறுமைக் கோட்டை, விலைவாசிக்குச் சரிசெய்த கணக்கில், நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. அதற்குக் கீழே சுமார் 80 கோடிப் பேர் இருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கேரள அரசு, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று தன்னை அறிவித்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்து 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். பெரிய வேலை, நான் மனதார மெச்சுகிறேன். ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் செய்யக் கூடியதை, அதே தெருவில் இருக்கிற நம் சபைகள் தங்கள் எல்லைக்குள் ஏன் முதலில் செய்யவில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நான் இருக்கும் பகுதியே ஒரு பாடம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, ஒழலப்பதி, வேலந்தாவளம் எல்லாம் மழை குறைந்த பூமி. தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களுக்காக, கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து, 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. பக்கத்திலேயே பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கோக்க கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று என்று சொல்லி, 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-இல் காலமானார். உலகத்தின் வறுமையும் உலகத்தின் வசதியும் ஒரே நிலத்தடி நீரில் கை வைத்திருந்ததை அங்கே கண்ணால் பார்த்தோம். விருந்தில் குளிர்பானப் பாட்டிலைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடி நன்றி சொல்கிற நாம், அந்தத் தண்ணீர் யார் குடத்திலிருந்து வந்தது என்று கேட்பதும் அந்த ஜெபத்தில் சேர்ந்ததுதான்.

2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் உட்கார்ந்தார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் தொடக்கம். அப்போது ஒருநாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், 20 சதவீத போனஸ் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில். என் சித்தி மகளும் உட்கார்ந்திருந்தாள்.

கோயம்புத்தூரில் எங்கள் உறவுக்காரர் ஒருவர், தானும் லயத்தில் பிறந்தவர், டி.வி.யைப் பார்த்துவிட்டு, "கிடைச்சதுல திருப்தியா இருக்கணும்னுதான நமக்குச் சொல்லிக்குடுத்தாங்க, ரோட்டுல உக்காரலாமா?" என்றார். இதைச் சித்தி மகளிடம் போனில் சொன்னேன். "அக்கா, எனக்கு இருக்கிறது போதும்னு நான் ஆண்டவர்கிட்ட தினம் சொல்றேன். எனக்கு வரவேண்டியதைப் பிடிச்சு வச்சிருக்கிறவங்ககிட்ட எப்பிடி அதைச் சொல்ல முடியும்?" என்று கேட்டாள். யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். அவள் வேதபாடம் படித்தவள் அல்ல, ஆனால் அந்த அதிகாரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். 20 சதவீதம் கிடைத்தது. கூலி அடுத்த மாதம் 301 ஆனது. 500 கிடைக்கவில்லை. அந்த வருஷமும் அறுப்பின் பண்டிகைக்கு அவள் வீட்டிலிருந்து சேவலும் அரிசியும் போயின.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் இறங்கியது. 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு பக்கம். மழையில் கரண்டும் போன் தொடர்பும் இல்லாததால் வெளியே தெரிய விடிந்துவிட்டது. மூன்று நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள், ஆனால் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. லயம் கம்பெனியுடையது, வேலை முடிந்தால் இறங்கிவிட வேண்டும். எங்கள் அப்பா அம்மாவும் அப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எல்லாச் சபையிலும் காணிக்கை எடுத்தார்கள், தாராளமாகவே விழுந்தது. நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரியாமல் இல்லை. மலை இறங்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பதே என் வருத்தம்.

இப்போது எங்கள் தோட்டத்து லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்குக் கங்காணி, இவர்களுக்கு ஏஜென்ட். போன வருஷம் போயிருந்தபோது எங்கள் பழைய வரிசையின் திண்ணையில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை. பக்கத்தில் ஒரு பையன் இந்திப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும்தான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை.

கீழே தேனி மாவட்டத்திலிருந்து இன்றைக்கும் விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள், மடியில் தூக்குவாளி. அந்தத் தோட்டங்களின் சொந்தக்காரர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். மலையாளிகள் உண்டு, தமிழர்களும் உண்டு. லயத்திலிருந்து படித்து முன்னேறி ஏலத்தோட்டம் வாங்கியவர்களும் உண்டு. அவர்களும் அறுப்பின் பண்டிகைக்கு முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தில் வைக்கிறார்கள்.

அவர்களிடமும், கோயம்புத்தூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற எங்கள் லயத்துப் பிள்ளைகளிடமும் இந்தக் கிழவியின் வேண்டுகோள் இதுதான். இந்த வருஷம் ஸ்தோத்திரச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் உங்கள் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்கிறவர்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். கூலி பாக்கி இருந்தால் அந்த வாரமே கொடுத்துத் தீருங்கள். கூலி குறைவு என்று உங்கள் மனதுக்கே தெரிந்தால் கூட்டிக் கொடுங்கள். காணிக்கைப் பையில் போடுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.